அந்தப் பச்சை லைட்

அண்ணா, கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கறீங்களா? பேக்ல கேமரா இருக்குதுங்க. மேல வெச்சா குலுக்கல்ல போயிரும், மடியிலயே வெச்சுக்கறேன். ஈரோடு வரைக்குங்களா? நான் விஜயமங்கலம் பிரிவுல இறங்கிருவேன். காரை சர்வீஸுக்கு விட்டிருக்கறேன், அதான் இன்னைக்கு பஸ்ஸு. பஸ்ஸுல வந்து ரொம்ப நாளாச்சுங்க. பேச ஆள் கிடைச்சா நல்லாத்தான் இருக்குது.

நியூஸ்காரனான்னு கேக்கறீங்களா? நியூஸ்காரன்தான். ஆனா நீங்க நெனைக்கற மாதிரி கொலை, கொள்ளை, கட்சிக் கூட்டம், அதெல்லாம் இல்லீங்க. 'நொய்யல் டெக்'னு ஒரு இணையச் செய்தி கம்பெனி. நான்தான் ஆரம்பிச்சேன். லோகநாதன்னு பேரு. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, இந்தப் பக்கத்துல யாரு புதுசா என்ன மெஷின் செய்யறாங்க, யாரு தொழில் தொடங்கறாங்க, அதை வீடியோ எடுத்துப் போடுவோம். தேங்கா உரிக்கற மெஷின்ல இருந்து டிரோன் வரைக்கும். நல்ல செய்தி மட்டும்தான். கெட்ட செய்தி சொல்லறதுக்குத்தான் ஊர்ப்பட்ட சேனல் இருக்குதே. எங்க ஆபீஸ் சுவத்துலயே எழுதி மாட்டியிருக்கறேன், 'நல்லதைச் சொல், சுருக்கிச் சொல்'னு.

சுருக்கறதுதான் கஷ்டமுங்க. ஒன்றரை நிமிஷம். அதுக்கு மேல போனா ஒருத்தனும் பார்க்க மாட்டான். ஒரு ஆள் அஞ்சு வருஷம் பட்ட பாட்டை ஒன்றரை நிமிஷத்துல சொல்லோணும். அது ஒரு கலைங்கண்ணா. யாரும் மதிக்கறதில்ல.

'மூச்சு'ன்னு ஒரு மெஷின் கேள்விப்பட்டிருக்கீங்களா? மஞ்சக் கலர்ல, டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். ஆமாங்க, அதேதான். பேப்பர்லயெல்லாம் வந்துச்சே. அந்த மெஷினை ஊருக்குக் காட்டுனதே நாங்கதான். இப்ப அதைப் பத்தி யாரு என்ன பேசினாலும் என் பேரு மட்டும் வர்றதில்ல. அதுதான் எனக்கு மனசு ஆறலீங்க.

செஞ்சது ஒரு பொண்ணு. கோகிலவாணி. பெருந்துறைப் பக்கம். முப்பது வயசு கூட ஆகலை. காலேஜ்ல படிக்கறப்ப ஹாஸ்டல் செப்டிக் டேங்க்ல இறங்குன ஒருத்தரு அங்கயே விழுந்து செத்துட்டாராம், இவ ஜன்னல்ல இருந்து பார்த்திருக்கறா. அதுல இருந்து இதே வேலைதான். கல்யாணப் பேச்சு எடுத்தா எந்திரிச்சுப் போயிருவாளாம், அவங்கம்மா சொல்லிச்சு. டேங்குக்குள்ள இருக்கற விஷவாயுவை மெஷின் கண்டுபிடிக்கோணும், அவ்வளவுதான். ஒரு வயர் இருக்கும், அதோட நுனியில சென்சார். மூடியைத் திறந்து வயரைக் கீழ விட்டா, வாயு இருந்தா சிவப்பு லைட் எரியும், ஹாரன் அலறும். செப்டிக் டேங்க், சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டி, எல்லாத்துக்கும்.

நாங்க ஷூட்டிங்குக்குப் போனோம். அவ ரூம்ல ஒரு பழைய டிரம்முல அழுக்குத் தண்ணி வெச்சு, மெஷினை விட்டுக் காமிச்சா. சிவப்பு எரிஞ்சுது, காது கிழியற மாதிரி சத்தம். அப்புறம் நல்ல தண்ணி டிரம்முல விட்டா. ஒண்ணுமில்ல. இருட்டா இருக்குது மெஷினு.

"ஏம்மா, நல்லா இருந்தா என்ன லைட்டு?"ன்னு கேட்டேன்.

"லைட் கிடையாதுங்ணா."

"எரியாத லைட்டை நான் எப்படிம்மா வீடியோவுல காமிக்கறது?"

அவ என்ன சொன்னா தெரியுங்களா? "இது இறங்கலாம்னு சொல்லற மெஷின் இல்லீங்ணா. இறங்காதேன்னு சொல்லற மெஷின். சிவப்பு எரியலைன்னா, தெரியலைன்னு அர்த்தம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

நான் சிரிச்சுட்டேன். "தெரியலைன்னு சொல்லற மெஷினை யாரும்மா வாங்குவா?"ன்னேன். நீங்களே சொல்லுங்க. காசு குடுத்து வாங்கறவன் ஒரு பதில் எதிர்பார்ப்பானா இல்லையா? வீடியோ பூரா சிவப்பு லைட்டும் அலறலும் போட்டா யாரு பார்ப்பா? கெட்ட செய்தியாயிருங்களே. எங்க கொள்கைக்கே சரிப்படாது.

எங்க கேமராமேன் பேக்ல விளக்குச் சரம் ஒண்ணு கிடந்துச்சு. அதுல இருந்து ஒரு பச்சை லைட்டைப் பிச்சு, அந்த மஞ்ச டப்பா மேல ஒட்டி, உள்ள ஒரு பேட்டரி வெச்சோம். என்ன அழகா இருந்துச்சு தெரியுங்களா, மஞ்சளும் பச்சையும். அந்தப் பச்சை லைட் என் யோசனைதானுங்க. நான் சொல்லித்தான் வந்துச்சு. அவ வேண்டாம் வேண்டாம்னா. "வீடியோவுக்கு மட்டும்தானுங்களே?"ன்னு ரெண்டு மூணு தடவை கேட்டா. வீடியோவுக்கு மட்டும்தான்னு சொன்னேன். அன்னைக்கு அது உண்மைதானே?

அப்புறம் கேமராவைப் பார்த்து நல்லாப் பேசினா. பேசினா, பேசினா, பேசிட்டே இருந்தா. மாசம் ஒரு தடவை டெஸ்ட் பண்ணோணும், சாயத் தண்ணி ஆவியில சென்சார் சீக்கிரம் செத்துப்போயிரும், செத்த சென்சாருக்கு எந்த வாயுவும் தெரியாது, அது எப்பவும் நல்லாருக்குதுன்னுதான் காட்டும், அதனால எது எரிஞ்சாலும் ஆளை இறக்காதீங்க, ஆளை இறக்கறதே சட்டப்படி தப்புன்னு... நாலு நிமிஷம் ஆச்சுங்க அது மட்டும். அதையெல்லாம் வெச்சா அது வீடியோவா, பாடமா? வெட்டிட்டேன். வெட்டித்தானே ஆகோணும். 'பச்சை எரிஞ்சா பயமில்லை'ன்னு தலைப்பு வெச்சேன். நான் வெச்சதுலயே நல்ல தலைப்பு அதுதான்.

போட்ட ரெண்டாம் நாளு போன் நிக்கவே இல்ல. பதினோரு லட்சம் பேரு பார்த்திருக்காங்க இதுவரைக்கும். எங்க சேனல்ல அதுக்குக் கிட்ட வந்த வீடியோ இன்னைக்கு வரைக்கும் இல்ல. சென்னையில இருந்து ஒரு முதலீட்டாளர் வந்தாரு. வந்தவரு முதல்ல கேட்டதே, "அந்தப் பச்சை லைட் எங்க?"ன்னு. வாங்க வந்த பட்டறைக்காரங்களும் அதேதான். வீடியோவுல பார்த்த மாதிரி வேணும்னு. அவ எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தா. எனக்குக் கூட போன் பண்ணினா. "அண்ணா, எல்லாரும் பச்சை கேக்கறாங்க, நீங்க ஒரு வீடியோ போட்டு விளக்கிச் சொல்லுங்க"ன்னா. வர்ற மகாலட்சுமியை ஏம்மா வாசல்ல நிறுத்தறேன்னு சொன்னேன். கடைசியில வெச்சுட்டா. வெச்சதும்தான் வித்துச்சு. அந்த வருஷம் எங்க விருது விழாவுல அவளுக்குத்தான் முதல் பரிசு. மேடையில ஏறி ரெண்டு வார்த்தைதான் பேசினா. நன்றின்னா, மாசாமாசம் டெஸ்ட் பண்ணுங்கன்னா. எல்லாரும் கை தட்டினாங்க.

இருங்கண்ணா, போன் வருது. சென்னியப்பன். நான் இப்பப் போறது இவரு பட்டறைக்குத்தான்.

சொல்லுங்க சென்னியப்பண்ணா... ஆமாங்க, பெருமாநல்லூர் வரப்போகுது... யாரு? கோகிலாவா? அங்க எதுக்கு வந்தா?... மெஷினைக் கேக்கறாளா? குடுக்காதீங்க. காசு குடுத்து வாங்கின பொருளுங்க, அவ என்ன திருப்பிக் கேக்கறது... சத்தம் போடறாளா? கேட்டுக்கு வெளியவே நிக்கட்டும். உள்ள விட்டா ஷூட்டிங் நடக்காது, ஆளுங்களைப் பயமுறுத்தி விட்டுருவா. நான் வந்து பேசிக்கறேன். நம்ம நல்லதுக்குத்தானே பண்றோம், அவளுக்கும் சேத்துத்தான்... சரிங்க. நான் வர்ற வரைக்கும் யாரையும் இறக்க வேண்டாம், என்ன? முதல் ஆள் இறங்கறது கேமராவுல வரோணும். அதுதான் முக்கியம்.

பார்த்தீங்களா? நான் பேசிட்டிருக்கறேன், அவளே அங்க வந்து நிக்கறா. எனக்கு முன்னாடியே போயிட்டா பாருங்க.

எங்க விட்டேன்? ஆங், வித்துச்சு. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. போன பங்குனியில திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில அந்த விபத்து. கழிவுத் தொட்டி கழுவ இறங்கியிருக்காங்க. மாரப்பன்னு ஒருத்தரு. மெஷினை விட்டுப் பார்த்தாங்களாம், பச்சை எரிஞ்சிருக்குது. இறங்கினவரு ஏணியிலயே சாஞ்சுட்டாரு. அவரைத் தூக்கறேன்னு பிகாஷ்னு ஒடிசாப் பையன் ஒருத்தன் இறங்கியிருக்கான். ரெண்டு பேரும் போயிட்டாங்க. மேல அந்த மஞ்ச டப்பா அப்பவும் பச்சையா எரிஞ்சுட்டே இருந்துச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. அந்தப் பேப்பர்க்காரங்களுக்கு இதுன்னா அல்வா சாப்பிடற மாதிரிங்களே.

எனக்கு மட்டும் வருத்தம் இல்லையாங்க? சாப்பாடே இறங்கலை அன்னைக்கு. உடனே வீடியோவுக்குக் கீழ 'ஆழ்ந்த இரங்கல்'னு எழுதிப் போட்டேன். எந்த சேனல்காரன் அப்படிப் போடுவான்?

ஒரு வாரம் கழிச்சு ஒரு அம்மா ஆபீசுக்கு வந்துச்சு. மாரப்பன் சம்சாரம். ரங்கநாயகி. நான் ஏதோ நஷ்டஈடு கேக்க வந்திருக்குதுன்னு நெனைச்சேன், அது பட்டறை முதலாளி சமாச்சாரம், எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ஆனா அது ஒண்ணுமே கேக்கலை. செருப்பை வாசல்லயே விட்டுட்டு வந்து, ஏசி ரூம்ல ஓரமா நின்னுச்சு. உக்காருங்கன்னேன், உக்காரலை.

"ஏனுங் சார், எங்க வீட்டுக்காரரு செல்லுல ஒரு படம் பார்த்தாருங்க. பட்டறையில எல்லாத்தையும் உக்கார வெச்சுக் காமிச்சாங்களாமா. பயமில்லைன்னு போட்டிருக்குது, இனிமேப் பயமில்லைன்னு என்கிட்ட வந்து சொன்னாருங்க. அந்தப் படம் உங்களுதுங்களா?"

ஆமான்னேன்.

"நான் பார்க்கலாமுங்களா?"

பெரிய கம்ப்யூட்டர்லயே போட்டுக் காமிச்சேன். அசையாமப் பார்த்துச்சு. முடிஞ்சதும் இன்னொருக்கா போடச் சொல்லுச்சு. போட்டேன். மறுபடியும். மூணாவது தடவை திரையில கையை வெச்சு, "இங்கீங்க, இந்த இடத்துல நிறுத்துங்க"ன்னுது.

"இந்தப் புள்ள 'ஆனா'ன்னு சொல்லுதுங்களே. அப்புறம் வேற என்னமோ படம் வந்துருது. ஆனாவுக்கு அப்புறம் என்னங்க சொல்லுச்சு?"

நான் கவனிச்சதே இல்லீங்கண்ணா. 'பச்சை எரிஞ்சா வாயு இல்லைன்னு மெஷின் நினைக்குது'ன்னு கோகிலா சொல்லறா, அப்புறம் 'ஆனா'ன்னு வாயைத் திறக்கறா, அங்க வெட்டு. பதினோரு லட்சம் பேருல ஒருத்தருக்கும் தெரியலை அது.

"அது டெக்னிகல் விஷயமுங்கம்மா. உங்களுக்குப் புரியாது"ன்னேன்.

"அவருக்குப் புரிஞ்சிருக்குமுங்களே"ன்னுச்சு. சத்தமெல்லாம் போடலை. சொல்லிட்டுக் கும்பிட்டுட்டுப் போயிருச்சு. நான் காபி சொல்லியிருந்தேன், அதைக் கூட குடிக்கலை.

என் எடிட்டரைக் கூப்பிட்டு விட்டேன் பாருங்க டோஸு. என்னடா வேலை பார்க்கறே, வெட்டறப்ப அந்த 'ஆனா'வையும் சேத்து வெட்டோணும்னு தெரியாதா? அன்னைக்கு மத்தியானமே சரி பண்ணியாச்சு. இப்ப நீங்க பார்த்தீங்கன்னா 'ஆனா' இருக்காது. சுத்தமா இருக்கும்.

என்னண்ணா அப்படிப் பார்க்கறீங்க? ஜன்னல் பக்கம் வெயிலு அடிக்குதுங்களா? திரையை இழுத்துக்கோங்க.

அப்புறம் கோகிலா வந்தா. ஆளே பாதியாயிருந்தா. போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைஞ்சுட்டு இருக்கறான்னு தெரியும். முதலீட்டாளர் கழண்டுக்கிட்டாரு, கம்பெனியை மூடியாச்சு. வந்து உக்காந்து ஒரே ஒரு வார்த்தைதான். "அண்ணா, வீடியோவை எடுத்துருங்க."

"ஏம்மா எடுக்கோணும்?"

"இன்னும் பார்த்துட்டு இருக்காங்கண்ணா. மெஷினைத் திருப்பிக் குடுங்கன்னு பட்டறை பட்டறையா நான் போறேன். பாதிப் பேரு உங்க வீடியோவைத்தான் எங்கிட்டயே போட்டுக் காமிக்கறாங்க. நீயேதானம்மா இதுல சொல்லறேன்னு கேக்கறாங்க."

நான் பொறுமையா விளக்கினேன். எங்க சேனலுக்கு விளம்பரம் வர்றதே அந்த வீடியோவை வெச்சுத்தான்மா. அதை எடுத்தா பத்துப் பேரு வேலை போகும். அதுவும் இல்லாம, எடுத்தா என்ன அர்த்தம்? தப்புப் பண்ணிட்டோம்னு அர்த்தமாயிரும். உனக்கும் சேத்துத்தான் கெட்ட பேருன்னு சொன்னேன். அவ நல்லதுக்குத்தானுங்க சொன்னேன். எந்திரிச்சா, போயிட்டா. அதுக்கப்புறம் என் போனை எடுக்கவே இல்ல. எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்!

அது கூடப் பரவாயில்லீங்க. அடுத்து அவ பண்ணினதுதான். ஃபேஸ்புக்ல எழுதறா. என்னன்னு? 'அந்தப் பச்சை லைட்டை வைத்தது நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்த இரண்டு குடும்பங்களுக்கும் நான்தான் பொறுப்பு.' இப்படி. கோர்ட்டுலயும் இதையேதான் சொன்னாளாம். வக்கீல் தலையில அடிச்சுக்கிட்டாராம்.

நான் வைத்தேன்! நீங்களே சொல்லுங்கண்ணா, யாரு வெச்சது? யாரு யோசனை? விளக்குச் சரத்துல இருந்து பிச்சு ஒட்டினது யாரு? பேருக்காவது, 'நொய்யல் டெக் லோகநாதன் சொன்னாரு, அதனால வெச்சேன்'னு ஒரு வரி எழுதலாமில்ல? மூணு வருஷமா அவளுக்காக எவ்வளவு பண்ணியிருக்கறேன். கூடப் பொறந்தவன் மாதிரி. ஒரு இடத்துலயும் என் பேரு இல்லீங்க. எல்லாத்தையும் அவளே தலையில எடுத்து வெச்சுக்கிட்டா, அப்ப நான் யாரு?

என் சம்சாரம் சொல்லறா, அந்தப் பொண்ணு உங்களைக் காப்பாத்தி விட்டிருக்குது, கும்பிடுங்கன்னு. அவளுக்கு என்ன தெரியும் மீடியாவைப் பத்தி? காப்பாத்தறதுக்கு நான் என்ன தப்புப் பண்ணினேன்?

சரி, அவ எப்படியோ இருக்கட்டும், நாம நம்ம கடமையைச் செய்வோம்னுதான் இன்னைக்குப் போறேன். இந்தச் சென்னியப்பன் போன வாரம் கூப்பிட்டாரு. "லோகு, உங்க வீடியோ பார்த்து வாங்கின மெஷின் எங்கிட்ட ஒண்ணு இருக்குது, ஒரு குறையும் இல்ல, எப்பப் போட்டாலும் பச்சைதான் காட்டுது"ன்னாரு. எனக்குப் பளிச்சுன்னு ஐடியா வந்துச்சு. ஒரு விபத்தை வெச்சு ஒரு நல்ல பொருளையே ஊரு கைவிட்டிருச்சு. அது நல்லாத்தான் வேலை செய்யுதுன்னு நேர்ல காமிச்சா? தலைப்புக் கூட வெச்சாச்சு, 'மூச்சு நிக்கலை'. எப்படி இருக்குது? அவ மேல இருக்கற பழியும் கொஞ்சம் குறையுமில்ல? அவதான் புரிஞ்சுக்காம கேட்டுல நின்னு கத்திட்டு இருக்கறா.

எப்பக் கடைசியா டெஸ்ட் பண்ணினதுன்னா கேக்கறீங்க? அது தெரியலீங்களே. கோகிலா ஆளுங்கதான் மாசாமாசம் போய்ப் பார்ப்பாங்க. கம்பெனிதான் பங்குனியிலயே மூடியாச்சே... பார்த்திருக்க மாட்டாங்க. ஆனா எப்பப் போட்டாலும் பச்சைதான் காட்டுதுன்னு சென்னியப்பனே சொல்லறாருங்களே.

ஏண்ணா, கையைப் புடிக்கறீங்க?

என்னங்க? செத்துப் போன சென்சாரா? இல்லீங்க, அது... அதை அவ சும்மா ஒரு ஜாக்கிரதைக்குச் சொன்னதுங்க. அப்படிப் பார்த்தா எந்தப் பொருளைத்தான்... சரிங்க, கூப்பிடறேன். நீங்க பதறாதீங்க. நான் வர்ற வரைக்கும் இறக்க வேண்டாம்னு சொல்லித்தான் இருக்கறேன், நீங்களும் கேட்டீங்களே. இருந்தாலும் கூப்பிடறேன்.

பாருங்க, அவரே கூப்பிடறாரு.

சொல்லுங்கண்ணா... என்னது, இறக்கிட்டீங்களா? ஏனுங்கண்ணா, நான்தான் அவ்வளவு தூரம் சொன்னேனே... கரண்ட்டு போறதுக்குள்ள முடிக்கோணுமா? அட, முதல் ஆள் இறங்கற ஷாட்டு போச்சே... சரி, மேல வரச் சொல்லுங்க, நான் வந்ததும் இன்னொருக்கா இறங்கட்டும்... ஏன்? கூப்பிட்டா சத்தம் இல்லையா? மெஷின் என்ன காட்டுது?... பச்சைதானுங்களே. அப்ப ஒண்ணும் இருக்காது. வேலை மும்முரத்துல கேட்டிருக்காது. இன்னொரு ஆளை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்க...

அண்ணா! என்னண்ணா, போனைப் புடுங்கறீங்க? யாருண்ணா நீங்க? அவருகிட்ட ஏன் இப்படிக் கத்தறீங்க? பஸ்ஸே திரும்பிப் பார்க்குது. குடுங்கண்ணா. நீங்க யாருன்னே அவருக்குத் தெரியாது, நீங்க சொல்லிக் கேப்பாரா... கேட்டைத் திறக்கச் சொன்னீங்களா? அவளை எதுக்கு உள்ள விடச் சொன்னீங்க?

கட்டாயிருச்சா. சரி. இப்படிக் குடுங்க.

இல்லீங்க, எனக்குக் கோபமெல்லாம் இல்ல. நீங்க பெரியவரு. ஆனா உங்களுக்கு இந்தத் தொழிலு தெரியாது. சின்ன விஷயத்தைப் பெருசு பண்ணினா ஆளுங்க பயந்துக்குவாங்க. ஆளுங்க பயந்துட்டா ஷூட்டிங்கே நடக்காது.

கூப்பிட்டுட்டுத்தானுங்க இருக்கறேன். ரிங்கு போகுது. எடுக்க மாட்டேங்கறாரு.

போகுது, போகுது, எடுக்கலை.

அந்தத் தொட்டி ஒண்ணும் அவ்வளவு ஆழம் இல்லீங்க. போன வாரம் போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன். ஏணி போட்டிருக்காங்க. வெளிச்சம் கூட நல்லாத்தான் இருக்குது, மத்தியானம் வரைக்கும் வெயிலு நேரா உள்ள விழும்... ஒண்ணும் ஆகியிருக்காதுங்க. நீங்க வேணா தண்ணி குடிங்க. எனக்கா? எனக்கு வேண்டாம்.

எடுத்துட்டாங்க, எடுத்துட்டாங்க. சென்னியப்பண்ணா, என்னாச்சு... அலோ?

அலோ... கோகிலாவா?

ஏம்மா, அவரு போனு உங்கிட்ட எப்படி... சொல்லும்மா. கேக்குது, சொல்லு.

ம்.

ம்.

எத்தனை பேரு?

வந்துட்டே இருக்கறேன்மா... கேமரா... ஆமா, கையிலதான் இருக்குது... கோகிலா, அப்படியெல்லாம் பேசாதே. நான் என்னம்மா... கோகிலா?

வெச்சுட்டா.

ஒண்ணுமில்லீங்கண்ணா. ரெண்டு பேரு இறங்கியிருக்காங்க. நீங்க போன்ல கத்தறப்பவே ரெண்டாவது ஆளு ஏணியில காலை வெச்சுட்டானாம். இவ கேட்டு மேல ஏறிக் குதிச்சுப் போயி, மேல்படியிலயே சாஞ்சவன் இடுப்புல கயிறு கட்டி நாலஞ்சு பேரா இழுத்திருக்காங்க. அவனுக்கு மூச்சு இருக்குதாம். ஆம்புலன்ஸ் வந்துட்டு இருக்குதாம். கீழ இருக்கறவரை இன்னும் எடுக்க முடியலையாம். காத்து அடிக்கற ஃபேனைக் கொண்டாந்து வெச்சிருக்காங்களாம். கூப்பிட்டுட்டே இருக்காங்க, எனக்கும் கேட்டுச்சு போன்ல. பழனி, பழனின்னு.

என்ன சொன்னாளா? பெருசா ஒண்ணும் சொல்லலை. திட்டுவான்னு நெனைச்சேன், திட்டலை. எட்டு மாசமாப் பேசாதவ. "வாங்கண்ணா"ன்னா. "வந்து எடுங்க. இந்தத் தடவை எவ்வளவு நேரம் ஆகுதோ அவ்வளவையும் எடுங்க"ன்னா.

அவ்வளவுதான்.

விஜயமங்கலம் பிரிவா? ஆமாங்க கண்டக்டர், நான்தான் கேட்டிருந்தேன்.

இல்லீங்கண்ணா, நீங்க எந்திரிக்க வேண்டாம். கால் மடக்க வேண்டாம், அப்படியே உக்காருங்க. கூட வர்றீங்களா? நீங்க எதுக்குங்க? உங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்... கண்டக்டர், ஒரு நிமிஷம் இருங்க, இவரு இறங்கறாராம்.

பட்டறை ரோட்டுக்கு இடது பக்கம் திரும்போணுமுங்க. நீல கேட்டு. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

நானுங்களா? நீங்க முன்னாடி போங்க. கண்டக்டர், ஈரோட்டுக்கு ஒரு டிக்கெட் குடுங்க.